செயலாளர் எழுதித் தெரிவிக்கும் வரை

ஹூஸ்டனில் நம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய ஒன்பது பேரில் ஒருவரான அருள்தாஸைப் பற்றிச் சங்க ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி இப்போதைய செயலாளர் பிரபு கேட்டார். நான் பொருத்தமானவன் இல்லை என்றேன். அவரைத் தெரிந்த பழைய ஆட்களில் தமிழில் எழுதக்கூடியவர் வேறு யாரும் ஊரில் இல்லை என்றார். அது உண்மைதான். நாற்பது வருடம் எண்ணெய்க் குழாய்களுக்குச் சோதனை அறிக்கை எழுதியவன் நான். குறிப்புகளை வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. ஆகவே வரிசையை முதலில் தருகிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. அருள்தாஸ் யார், குவேக்கர் என்றால் என்ன.
3. அவருடைய உண்மையால் மற்றவர்கள் பட்ட சிரமம்.
4. வளைகுடாப் போரின்போது நடந்த பொங்கல் விழாவில் அவர் செய்தது தவறு.
5. அவரைச் சங்கம் துரத்தவில்லை. தம் பிடிவாதத்தால் அவரே போனார்.
6. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது.

எழுதி வாசித்துவிட்ட குறிப்பைப் பிறகு திருத்தக் கூடாது, தவறென்று தெரிந்தால் கீழே புதிதாக ஒன்று எழுத வேண்டும் என்பது அருள்தாஸ் எனக்குக் கற்றுத் தந்த முறை. இந்த வரிசையைப் பிரபுவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிவிட்டேன். அதனால் அப்படியே விடுகிறேன்.

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் காரின் பக்கத்தில் நின்றிருந்தேன். செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் என் கார் கண்ணாடியில் ஒரு சிறிய அமெரிக்கக் கொடியைச் செருகிவிட்டுப் போயிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மழையில் நனைந்து அது கிழியத் தொடங்கியிருந்தது. கிழிந்த கொடியோடு ஓட்டினால் தவறாக நினைப்பார்கள். எடுத்துவிட்டால் இன்னும் தவறாக நினைப்பார்கள். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே தொலைபேசி அடித்தது.

"அங்கிள், பிரபு பேசறேன். ரெண்டு விஷயம். ஒண்ணு, நைன்ட்டி ஒன்ல நம்ம சங்கம் ஒரு ரெசல்யூஷன் பாஸ் பண்ணுச்சாமே, ட்ரூப்ஸை சப்போர்ட் பண்ணி. அந்தக் காப்பி உங்ககிட்ட இருக்கா? இப்ப அதே மாதிரி ஒண்ணு டிராஃப்ட் பண்ணணும். டாக்டர் அங்கிள் உங்களைக் கேக்கச் சொன்னார்."

"பாக்கறேங்க. ரெண்டாவது?"

"அருள்தாஸ்னு ஒரு பவுண்டிங் மெம்பர் இருந்தாராமே. கலிபோர்னியால, பிளசன்டன்ல இறந்துட்டாராம். அவங்க டாட்டர் ஈமெயில் அனுப்பியிருக்காங்க."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. எரிச்சல். அந்தத் தீர்மானத்தையும் அந்த மனிதரையும் பத்து வருடமாக ஒரே பெட்டியில் மூடி வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே அழைப்பில் ஒருவர் திறந்துவிட்டார்.

இனி, அவர் யார் என்பது. பாளையங்கோட்டைக்காரர். வேதியியல் படித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவுக்கு மேற்படிப்புக்கு வந்தார். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்களான வயதான தம்பதி குவேக்கர்கள். கிறிஸ்தவர்களில் ஒரு சிறு பிரிவினர். போர் செய்ய மாட்டார்கள், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள், வழிபாடு என்பது கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பது. அந்தத் தம்பதி இவரை எதற்கும் அழைக்கவில்லையாம். ஒரு ஞாயிறு இவராகப் பின்னால் போய் உட்கார்ந்தார். சில வருடங்களில் அந்தச் சபை இவரை ஊழியராக, மற்ற சபைகளில் போதகர் என்பார்களே அப்படி, பதிவு செய்துகொண்டது. அங்கி கிடையாது, சம்பளம் கிடையாது, பிரசங்க மேடை கிடையாது. வியட்நாம் போர் நடந்தபோது, தாம் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் ராணுவத்துக்கும் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதை விட்டார். ஹூஸ்டனுக்கு வந்து ஒரு சமுதாயக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார்.

அவர் சபைக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். ஒரு சாதாரண வீடு. வட்டமாக நாற்காலிகள், இருபது பேர் இருக்கலாம். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. காலையில் சாப்பிட்ட பொங்கல் என் வயிற்றில் செய்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஐம்பது நிமிடம் ஆன பிறகு ஒரு கிழவி எழுந்து, தன் வீட்டுப் பேரிக்காய் மரம் பூத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் கைகுலுக்கிக் கலைந்தார்கள்.

காரில் திரும்பும்போது கேட்டேன். "நீங்க இங்க ஊழியர்னு சொன்னாங்க. ஒண்ணுமே பேசலையேங்க?"

"பேச ஒண்ணும் வரல, நாகராஜன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா உக்காந்திருக்கணும். அதுவும் வேலதான்."

நான் இந்தப் பதிலைத் தாழ்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பேசாமல் இருக்கிறவரைப் பார்த்தால் பேசிக்கொண்டிருக்கிற நாம் ஏதோ குற்றம் செய்ததுபோலத் தோன்றும். அதை அவர் அறிந்தே செய்தார் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

ஆனால் சங்கத்துக்கு அவர் செய்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆரம்ப வருடங்களில் விழாவை யாருடைய கடவுள் பாட்டோடு தொடங்குவது என்று சண்டை. அவர்தான் பாட்டே வேண்டாம், இரண்டு நிமிட மௌனத்தோடு தொடங்கலாம் என்றார். அது நிலைத்தது. அறிவிப்பு எதுவும் இருக்காது. அருள்தாஸ் முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிவார். அதைப் பார்த்துப் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து தலைகுனிவார்கள். சங்க நூலகமும் அவர் வீட்டுக் கார் கொட்டகையில்தான் இருந்தது. சலவை இயந்திரத்தின் பக்கத்தில் நான்கு அலமாரிகள். சனிக்கிழமைகளில் புத்தகம் எடுக்கப் போனவர்கள் இரண்டு மணி நேரம் நின்று பேசிவிட்டு வருவார்கள். மௌனத்துக்குப் பேர் போனவர் அங்கே நிறையப் பேசினார். கல்லூரியில் ஆங்கிலம், சபையில் ஆங்கிலம், மகளோடு ஆங்கிலம். அவருக்குத் தமிழ் பேசக் கிடைத்த இடம் அந்தக் கொட்டகை.

அப்போது செயலாளராக இருந்த எனக்கு அவர் கற்றுத் தந்தது கூட்டக் குறிப்பு எழுதும் முறை. "எழுதுனத எல்லாரும் இருக்கும்போதே வாசிங்க. சரிதானான்னு கேளுங்க. வீட்டுக்குப் போய் எழுதுறது கதை" என்பார். அன்றிலிருந்து நான் கூட்டத்திலேயே எழுதி, அங்கேயே வாசித்து, சம்மதம் கேட்டுத்தான் நோட்டை மூடுவேன்.

மூன்றாவது குறிப்புக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கோபம் உண்டு, வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் அவரை என் காரில் ஹில்கிராஃப்ட் தெருவிலுள்ள இந்திய மளிகைக் கடைக்கு அழைத்துப் போனேன். திரும்பும் வழியில், பெருஞ்சாலையில் தடம் மாறும்போது பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. அந்த வண்டிக்காரர்கள் என் மேல் வழக்கு போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்தாஸ்தான் என் சாட்சி. நீதிமன்றத்தில் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னபோது மறுத்துவிட்டார். உறுதி மட்டும் கூறுவதாகச் சொன்னார். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டாம். அதோடு விட்டிருக்கலாம். தடம் மாறுமுன் நான் திரும்பும் விளக்கைப் போட்டேனா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். போடவில்லை என்று அருள்தாஸ் தெளிவாகச் சொன்னார். நான் தோற்றேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "கவனிக்கலன்னு சொல்லியிருக்கலாமேங்க?"

"கவனிச்சேனே."

"உண்மையத்தான் சொல்லப் போறீங்கன்னா சத்தியமே பண்ணியிருக்கலாம். ரெண்டும் ஒண்ணுதானே?"

"சத்தியம் பண்ணி உண்ம சொன்னா, மத்த நேரம் சொல்றது என்னன்னு ஆயிரும்" என்றார். அதன் பிறகு மளிகைக் கடையில் அன்று வாங்க மறந்த சுண்டைக்காய் வற்றலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அவருக்கு அது அவ்வளவுதான். அவரைக் காரில் ஏற்றிக்கொண்ட எல்லோரும் கொஞ்சம் கவனமாகவே ஓட்டினோம்.

நான்காவது குறிப்பு. புதிய உறுப்பினர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாப் போர் தொடங்கிய வாரத்தின் சனிக்கிழமை நம் பொங்கல் விழா. அந்த நாட்களில் நம்மில் ஒருவரை அரபுக்காரர் என்று நினைத்து, அவர் காரின் முன்கண்ணாடியைப் பெட்ரோல் நிலையத்தில் உடைத்தார்கள். இந்தியர் கடை ஒன்றுக்கு மிரட்டல் அழைப்புகள் வந்தன. நீ எந்த நாடு என்று நின்று கேட்டுவிட்டு யாரும் கல்லெறிவதில்லை. அதனால் சங்கத் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி படைவீரர்களுக்கு ஆதரவாக ஒரு தீர்மானம் எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். போருக்குப் போனவர்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக இங்கே அணியும் மஞ்சள் ரிப்பனை வாசலில் எல்லோருக்கும் கொடுத்தோம். வட்டாரச் செய்தித்தாளிலிருந்து ஒரு நிருபரும் புகைப்படக்காரரும் வந்திருந்தார்கள். நம் உறுப்பினர் வசந்தாவின் மகன் ராணுவத்தில் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு அப்போது பாலைவனத்தில் இருந்தான். தீர்மானத்தை அவரிடம் கொடுப்பதாகத் திட்டம்.

முதலில் மௌனம், அடுத்து தீர்மானம் என்றுதான் நிகழ்ச்சி நிரல் இருந்தது. நிருபருக்கு நேரமாகிவிட்டதால் டாக்டர் தீர்மானத்தை முதலில் எடுத்துக்கொண்டார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். முந்நூறு பேர் எழுந்தார்கள். அருள்தாஸ் எழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தபடியே கைகளை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மேடையில் இருந்தேன். எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப மௌனமா?" என்று கேட்டார். "சார் உக்காந்துட்டாரே" என்றார் அவர். இருவரும் உட்கார்ந்து தலைகுனிந்தார்கள். மூன்றாம் வரிசை உட்கார்ந்தது. அதைப் பார்த்து நான்காவது. பத்து வருடப் பழக்கம். டாக்டர் தீர்மானத்தின் இரண்டாம் பத்திக்கு வருவதற்குள் பாதி மண்டபம் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தது. டாக்டரின் குரல் உயர உயர, இன்னும் உட்காரவில்லையே என்று அவசரமாகச் சிலர் உட்கார்ந்தார்கள். நடுவில் வசந்தா மட்டும் தன் வரிசையில் தனியாக நின்றார். புகைப்படக்காரர் அதைத்தான் எடுத்தார்.

படம் செவ்வாய்க்கிழமை வந்தது. அடியில் தவறாக எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. என் அலுவலக மேலாளர் பழைய கடற்படை வீரர். படத்தைக் கத்தரித்து என் மேசையில் வைத்து, "இதில் நீ எங்கே?" என்று கேட்டார். மேடையில் நிற்கும் என்னைக் காட்டினேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று நம்பவும் முடியவில்லை.

வசந்தா விழாவன்று என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எம் புள்ள அங்க இருக்கான், அண்ணா. போர் தப்பாவே இருக்கட்டும். எனக்காக ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நிக்கக் கூடாதா அவரு?" அருள்தாஸிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்காக நின்னிருப்பேன். அந்தக் காகிதத்துக்காக நிக்க முடியல" என்றார். வசந்தா இதை ஏற்கவில்லை. மகன் நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகும் ஏற்கவில்லை. போன வாரம் கேட்டேன், இப்போதும் இல்லை. நானும் வசந்தா பக்கம்தான். பக்கத்தில் ஒரு தாய் நின்றுகொண்டிருக்கும்போது உட்கார்ந்திருக்க ஒருவருக்கு என்ன உரிமை என்று எனக்கு விளங்கவில்லை. நான்காவது குறிப்பு நிற்கிறது.

படம் வந்த வாரத்தின் ஞாயிறு பிற்பகல் டாக்டர் வீட்டில் செயற்குழு கூடியது. ஏழு பேர். அருள்தாஸையும் வரச் சொல்லியிருந்தோம்.

"என்ன சார் இது?" என்றார் டாக்டர். "ஒரே ஒரு ரெசல்யூஷன். எழுந்து நின்னா போச்சு. முட்டி வலியா உங்களுக்கு? சொல்லியிருந்தா சேரைப் பிடிச்சுட்டாவது நிக்க வெச்சிருப்பேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அருள்தாஸும் சிரித்தார்.

"முட்டி நல்லா இருக்கு, டாக்டர்."

"அப்ப எதிர்க்கறீங்க."

"எதிர்க்கல. எனக்குச் சேர முடியல, அவ்வளவுதான். மத்தவங்க உக்காருவாங்கன்னு நான் நெனக்கல. அதுக்கு வருத்தப்படுறேன்."

"வருத்தப்படறேன்னு பேப்பர்ல போடச் சொல்லுங்க. என் கிளினிக்குக்கு வர்ற பேஷண்ட் அந்தப் படத்தை எடுத்துட்டு வர்றான் சார். நாங்கல்லாம் இங்க குடும்பம் நடத்தணும். நீங்க சாமியார், உங்களுக்கென்ன."

"எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார் அருள்தாஸ்.

சிலர் அவரை நிரந்தரமாக நீக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. எதிர்த்துப் பேசும் துணிவும் இல்லை. கதவை முழுதாகச் சாத்தாமல் விடுவதற்கு ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தேன். எழுதி அங்கேயே வாசித்தேன்: "திரு. அருள்தாஸ் சங்க நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதையும் நூலகப் பொறுப்பையும், செயலாளர் எழுத்து மூலம் தெரிவிக்கும் வரை, நிறுத்திவைப்பதென்று தீர்மானிக்கப்பட்டது." எல்லோரும் கை உயர்த்தினார்கள். என் கை முழங்கை அளவுக்கு உயர்ந்தது. அருள்தாஸிடம் சரிதானா என்று கேட்டேன். அவர் கற்றுத் தந்த பழக்கம். கேட்காமல் நோட்டை மூட முடியவில்லை.

"நீங்க எழுதுற வரைக்கும்?"

"ஆமாங்க."

"சரி. தெளிவா எழுதியிருக்கீங்க."

மறுநாள் இரண்டு பேர் ஒரு பெரிய காரை எடுத்துப் போய் அவர் கொட்டகையிலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். அவரும் கூட நின்று பெட்டிகளைத் தூக்கி வைத்தாராம். அவை இன்றும் பெட்டியில்தான் இருக்கின்றன.

ஐந்தாவது குறிப்பு. ஊர்களில் விலக்கி வைப்பது என்று ஒன்று உண்டு. தண்ணீர் எடுக்க விட மாட்டார்கள், சாவுக்குப் போக மாட்டார்கள். நாம் அப்படி எதுவும் செய்யவில்லை என்பதே என் நிலை. ஆறு வாரத்தில் போர் முடிந்தது. மஞ்சள் ரிப்பன்கள் நிறம் போயின. சித்திரையில் டாக்டரே, "வரச் சொல்லுங்கய்யா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க வேணாம்னு" என்றார். நம் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கோபத்தில் சொன்னதை யாரும் காகிதத்தில் திரும்ப வாங்குவதில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று விடுவோம். பிறகு ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் தீர்ந்தது. அருள்தாஸ் வரவில்லை. சித்திரைக்கு வரவில்லை, தீபாவளிக்கு வரவில்லை.

தீபாவளிக்கு முன் ஹில்கிராஃப்ட் கடையில் அவரைப் பார்த்தேன். பச்சை மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சும்மா வாங்க சார். அதையெல்லாம் யாருங்க இன்னும் ஞாபகம் வெச்சிருக்காங்க?" என்றேன்.

"எழுதிட்டீங்களா?"

"எதைங்க?"

"ஒண்ணுமில்ல. வீட்ல சொகமா?" என்று கேட்டுவிட்டு மிளகாய்க்குத் திரும்பினார். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் பிளசன்டனில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சங்கத்தின் பெயருக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அதில் புது முகவரி மட்டும், அவருடைய சிறிய நேரான கையெழுத்தில். போய் வருகிறேன் என்று ஒரு சொல் கிடையாது. பத்து வருடம் கூட இருந்தவர்களுக்கு இதுதானா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டரிடம் காட்டினேன். "பாருங்க திமிரை" என்றார். அட்டையை நோட்டில் செருகி வைத்தேன். அவருடைய கர்வத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒரு கதையை அவர் அடிக்கடி சொல்வார். இந்த நாடு பிறந்த போரின்போது, புதிய அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய மறுத்த பிலடெல்பியா குவேக்கர்கள் சிலரை விசாரணை இல்லாமல் வண்டிகளில் ஏற்றித் தொலைதூர மலையூருக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர்களில் சபை ஊழியர்களும் இருந்தார்கள். குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தார்கள். இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள். "காவலே பெருசா இல்ல. ஓடி வந்திருக்கலாம்" என்பார். "ஏன் வரலையாம்?" என்று ஒரு முறை கேட்டேன். "அனுப்பினவங்க எழுதணும்ல, வாங்கன்னு" என்றார். மற்றவர்களுடைய கதைகளைத் தம் கதைபோலச் சொல்லிப் பெருமைப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

இந்த இடம்வரை எழுதி ஒரு வாரம் வைத்திருந்தேன். பிறந்த வருடமும் ஊர் மாறிய மாதமும் சரியாக வேண்டும் என்பதற்காக அவர் மனைவி எஸ்தர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். என் பெயரைச் சொன்னேன்.

"யாரு, செக்ரட்டரி சாரா?" என்றார். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்."

இரங்கல் சொன்னேன். மலருக்கு எழுதுவதைச் சொன்னேன். வருடத்தைக் கேட்டேன், சொன்னார். எப்போது ஹூஸ்டனை விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க நிறுத்தி வெச்ச வருசமே மக கூப்ட்டா சார். பேரப்பிள்ளைய டேகேர்ல விட மனசில்ல, வாங்கன்னு. இவுகதான் நாளத் தள்ளிட்டே வந்தாக. சங்கத்துலருந்து கடுதாசி வரும், நாம இல்லாத நேரம் வந்துட்டா என்ன செய்யன்னு. தெனம் தபால் பெட்டியப் போய்ப் பாப்பாக. ஒண்ணர வருசம் பாத்தாக."

வருடத்தைக் குறித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"நானும் சண்ட போட்டேன். அதான் எல்லாரும் வாங்க வாங்கன்னு வாயால சொல்றாகல்ல, போனா என்னன்னு. 'எழுத்துலன்னு நாகராஜன் வாசிச்சாரு, நான் சரின்னு சொல்லிட்டேன், சொன்னபொறவு எப்படிப் போக'ன்னுட்டாக. இங்க வரும்போதுகூட, அட்ரஸ் மாறினா கடுதாசி தொலஞ்சிரும்னு சங்கத்துக்குத் தனியா ஒரு கார்டு போட்டாக. வந்துச்சா அது?"

"வந்துச்சுங்க" என்றேன்.

"இங்கயும் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கு. வீடு தேடி வந்து கூப்ட்டாக. 'எனக்கு ஒரு சங்கத்துல நிறுத்தம் இருக்கு, அது தீரட்டும்'னு சொல்லி அனுப்பிட்டாக. அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் வெளங்கல. பத்து வருசம் சார். எங்கிட்ட மட்டும்தான் தமிழ் பேசுனாக. நானும் எவ்வளவுதான் கேப்பேன்."

பிறகு குரலை மாற்றாமல், "ஒரு கடுதாசி சார். ரெண்டு வரி. ஒங்களுக்கு எழுதத் தெரியாமலா?" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. எஸ்தர் அம்மா வைத்துவிட்ட பிறகும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அருள்தாஸ் இப்படிக் காத்திருந்தது எவ்வளவு பெரிய பிழை என்று அவர் மேல் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. எழுதியவன் நான். என்ன அர்த்தத்தில் எழுதினேன் என்று எனக்குத் தெரியும். அது ஒரு மரியாதைச் சொல். ஒரு வாக்கியத்தை அவ்வளவு நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் கடையில் "எழுதிட்டீங்களா" என்று அவர் கேட்டபோது எனக்கு உண்மையாகவே புரியவில்லையா? புரியவில்லை என்று பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன். எழுதுவதானால் டாக்டரிடம் கையெழுத்துக் கேட்க வேண்டியிருக்கும், குழுவில் மறுபடி அந்தப் பேச்சு எழும், என் கை எவ்வளவு உயர்ந்தது என்று யாராவது நினைத்துப் பார்ப்பார்கள். வாயால் "வாங்க" என்பது எளிதாக இருந்தது. அவர் வராமல் இருந்ததும் எனக்கு எளிதாக இருந்தது.

பிரபு கேட்ட தீர்மானத்தின் நகலைக் கொடுத்துவிட்டேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் ஆள் நானில்லை. கூட்டத்திலேயே எழுதி, எல்லோர் முன்னும் வாசித்து, சேர முடியாதவர் யாராவது உண்டா என்று கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். "ஷ்யூர் அங்கிள்" என்றார். அப்படி அவர் கேட்கும்போது நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

ஆறாவது குறிப்பு. அருள்தாஸிடமிருந்து என்னிடம் இருப்பவை: கூட்டக் குறிப்பு நோட்டு, அதில் செருகிய ஒரு அஞ்சலட்டை, எழுதியதை வாசித்துக் காட்டும் பழக்கம். நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்குப் பிறகு நான் செயலாளராக இருந்த இரண்டு வருடத்துக் குறிப்புகள் உள்ளன. சமையல் ஏற்பாடு, மண்டப வாடகை, ஒலிபெருக்கி. அவரைப் பற்றி எதுவும் இல்லை. நிறுத்தம் இன்னும் அமலில் இருக்கிறது.

அவர் சொன்ன முறைப்படி, பழையதை அடிக்காமல் கீழே எழுதுகிறேன். மேலே உள்ள வரிசையில் ஐந்தாவது குறிப்பு தவறு. திரு. அருள்தாஸ் தாமாகப் போகவில்லை. நாம் அனுப்பினோம், அவர் காத்திருந்தார். அவர் மீதான நிறுத்தம் நீங்கியது. இதை எழுதித் தெரிவிக்க வேண்டியவன் நான். தெரிவிக்கிறேன்.